ஸ்கைலைன் ஜிடி-ஆர்: எத்தனை வேரியன்ட், எது நிஜமாவே அபூர்வம்? – அடிக்கடி கேக்குற கேள்விகள்

நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர்னு பேச்சு ஆரம்பிச்சாலே எல்லாரும் எச்பி, டாப் ஸ்பீடுன்னு போயிடுவாங்க. எனக்கு இந்தக் கார்ல ரொம்ப பிடிச்ச விஷயம் அதோட தயாரிப்புக் கணக்கு. ஏன்னா இதுல ஒவ்வொரு அபூர்வ வேரியன்ட்டுக்குப் பின்னாடியும் ஒரு ரூல் இருக்கும், ரேஸ் ரூலோ புகை ரூலோ ஏதோ ஒண்ணு. "லிமிடெட் எடிஷன்"னு ஸ்டிக்கர் ஒட்டி விக்குற கதை இங்க கம்மி. அதைப் புரிஞ்சுக்கிட்டா எந்தக் கார் ஏன் அந்த விலைக்குப் போகுதுன்னு தானா புரியும். புதுசா இந்தக் கார் மேல ஆர்வம் வந்தவங்க வழக்கமா கேக்குறதை எல்லாம் கீழ எழுதியிருக்கேன்.

ஜிடி-ஆர்னு சொன்னா மொத்தம் எத்தனை கார்?

ஸ்கைலைன் பேர்ல வந்தது அஞ்சு தலைமுறை. 1969ல வந்த ஹகோசுகா, 1973ல வந்த கென்மேரி (ரெண்டும் செல்லப் பேர்), அப்புறம் 16 வருஷ இடைவெளி விட்டு 1989ல ஆர்32, 1995ல ஆர்33, 1999ல ஆர்34. 2007ல வந்த ஆர்35க்கு ஸ்கைலைன் பேர் கிடையாது, அது வெறும் நிஸான் ஜிடி-ஆர், அதனால அதை இங்க தொடல.

இன்னொண்ணு, ஸ்கைலைன் முதல்ல நிஸான் கார் கிடையாது, பிரின்ஸ்னு ஒரு கம்பெனியோடது. 1966ல பிரின்ஸ் நிஸானோட சேர்ந்துச்சு, அந்த பிரின்ஸ் இன்ஜினியருங்க ரேஸுக்குன்னு செஞ்ச ஆர்380 காரோட என்ஜின்ல இருந்து வந்தது தான் முதல் ரெண்டு ஜிடி-ஆர்லயும் இருந்த எஸ்20. 1,989 சிசி, ஆறு சிலிண்டர், 24 வால்வு, 160 பிஎஸ் (எச்பி மாதிரி ஒரு பவர் அளவு). ஒரு ஃபேமிலி காருக்குள்ள அந்தக் காலத்துல இப்படி ஒரு என்ஜின் வச்சாங்கன்னு நினைச்சா இன்னைக்கும் ஆச்சரியமா தான் இருக்கு.

ஹகோசுகா ரொம்ப அபூர்வமா?

ஆமா. 1969 பிப்ரவரியில வந்தது நாலு கதவு செடான், பிஜிசி10, அது 832 கார். 1970 அக்டோபர்ல ரெண்டு கதவு கேபிஜிசி10 வந்துச்சு, அது 1,197. படத்துலயும் பொம்மைக் காராவும் எல்லாரும் பாக்குறது ரெண்டு கதவு தான், ஆனா எண்ணிக்கையில கம்மி செடான். சாதாரண ஸ்கைலைன் கூபே வாங்கி பேட்ஜ் மாத்தி, ஃபெண்டர் வெட்டி ஜிடி-ஆர் மாதிரி ஆக்குனது ஜப்பான்லயே ஏகப்பட்டது இருக்கு, அதனால பானெட்டைத் திறந்து எஸ்20 இருக்கான்னு பாக்காம எதையும் நம்பக் கூடாது.

கென்மேரி ஜிடி-ஆர் வெறும் 197 தானா? ஏன்?

197 தான். 1972 டோக்கியோ மோட்டார் ஷோல ஒரு ரேஸ் காரை நிறுத்திக் காட்டினாங்க, 1973 ஜனவரியில ரோடு கார் விற்பனைக்கு வந்துச்சு, சில மாசத்துல முடிஞ்சு போச்சு. ஜப்பான்ல புதுசா வந்த புகைக் கட்டுப்பாட்டுக்கு எஸ்20 என்ஜினைக் கொண்டு வர முடியல, அது தான் காரணம். எண்ணெய் நெருக்கடி அதே வருஷக் கடைசியில தான் வந்துச்சு, அதனால "ஆயில் விலை ஏறுனதால நிறுத்திட்டாங்க"ன்னு பலர் சொல்றது வரிசையில சரியா வராது. ஷோல காட்டுன அந்த ரேஸ் கார் ஒரு ரேஸ்ல கூட ஓடல. ஹகோசுகா ஜப்பான் டிராக்குல ஜெயிச்சுக் குவிச்ச பேரை அப்படியே சுமந்துக்கிட்டு, ஆனா தனக்குன்னு ஒரு வெற்றி கூட இல்லாம போன ஜிடி-ஆர் இது ஒண்ணு தான். எண்ணிக்கை மட்டும் வச்சுப் பாத்தா அஞ்சு தலைமுறையில இது தான் ரொம்ப ரொம்பக் கம்மி.

ஆர்32ல ஏன் 2.6 லிட்டர்னு ஒரு வித்தியாசமான சைஸ் என்ஜின்?

இந்தக் கேள்விக்கு நீளமா தான் பதில் சொல்லணும், ஏன்னா மொத்தக் காரோட கதையும் இதுக்குள்ள இருக்கு.

நிஸானுக்கு வேண்டியது குரூப் ஏ ரேஸ்ல (ரோடு காரை அடிப்படையா வச்ச ரேஸ் பிரிவு) ஜெயிக்கணும், அவ்வளவு தான். குரூப் ஏ ரூல் படி டர்போ என்ஜின்னா அதோட சிசியை 1.7ஆல பெருக்கணும், வர்ற நம்பரை வச்சு கிளாஸ் பிரிப்பாங்க, கிளாஸைப் பொறுத்து குறைஞ்சபட்ச எடையும் டயர் அகலமும் மாறும். முதல்ல யோசிச்சது 2.4 லிட்டர் பக்கம், அப்ப 4,000 கிளாஸ்ல அடங்கும். ஆனா பவர் ஏற ஏற பின் சக்கரம் மட்டும் தாங்காதுன்னு நாலு சக்கர டிரைவ், அதாவது அட்டெசா ஈ-டிஎஸ் வச்சாங்க, அதனால எடை கூடிடுச்சு. எடை கூடுன காரை சின்ன கிளாஸ்ல ஓட்டி பிரயோஜனம் இல்ல, அதனால அடுத்த 4,500 கிளாஸுக்குத் தாவுனாங்க. 2,568 சிசியை 1.7ஆல பெருக்குங்க, 4,366 கிட்ட வரும், கிளாஸுக்குள்ள அழகா உக்காருது, அகலமான டயரும் கிடைக்குது. அப்படித் தான் ஆர்பி26டிஇடிடி (சுருக்கமா ஆர்பி26) என்ஜின் பொறந்துச்சு. ரூல் புக்கை டேபிள்ல விரிச்சு வச்சுக்கிட்டு டிசைன் பண்ண கார் இது, இன்ஜினியர் நாகனோரி இடோ தலைமையில.

பலன் என்னன்னா, ஜப்பான் டூரிங் கார் போட்டியில 1990ல இருந்து 1993 வரைக்கும் 29 ரேஸ், 29லயும் ஆர்32 தான் ஜெயிச்சது. ஆஸ்திரேலியாவுல பாதர்ஸ்ட் ரேஸை 1991லயும் 1992லயும் ஜெயிச்சது, அந்த ஊர் பத்திரிகை 1989லயே இதுக்கு "காட்ஸில்லா"ன்னு பேர் வச்சிருந்துச்சு.

ஆர்32 நிஸ்மோ எடிஷன் 500ஆ 560ஆ?

ரெண்டும் சரி. நிஸ்மோங்கறது நிஸானோட ரேஸ் பிரிவு. குரூப் ஏ ரூல்ல எவல்யூஷன் மாடல்னு (ஏற்கெனவே இருக்குற காரோட மேம்படுத்துன வடிவம்) காட்டணும்னா 500 கார் செஞ்சிருக்கணும். 1990 பிப்ரவரியில 500 காரை மக்களுக்கு வித்தாங்க, 60 காரை ரேஸ் டீமுங்களுக்குன்னு எடுத்து வச்சாங்க. மொத்தம் 560.

எல்லாமே கன் கிரே மெட்டாலிக், கலர் கோட் கேஎச்2. வேற கலர்ல ஒரு "ஒரிஜினல் நிஸ்மோ" வந்தா அது ரீபெயின்ட் பண்ணதா இருக்கணும், இல்ல நிஸ்மோவே கிடையாது. ஏபிஎஸ் கிடையாது, பின்னாடி வைப்பர் கிடையாது. முன் பம்பர்ல கூடுதலா ரெண்டு காத்து ஓட்டை, பானெட் முனையில ஒரு சின்ன லிப், டிக்கி மூடியில பெரிய விங்குக்குக் கீழ இன்னொரு குட்டி ஸ்பாய்லர். சாதாரண ஆர்32ல டர்போவுக்குள்ள இருக்குற சக்கரம் செராமிக், பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்) ஏத்துனா உடையும், நிஸ்மோல அது உலோகம். எடை 1,400 கிலோ, சாதாரண காரை விட 30 கிலோ கம்மி. பாக்குறதுக்கு எல்லாம் சின்னச் சின்ன மாத்தம், ஆனா ஒவ்வொண்ணும் ரேஸ் காருக்கு அப்படியே போற பார்ட்டுக்காக ரோடு கார்ல வச்சது. ரூலே அது தான், ரோடு கார்ல இல்லாததை ரேஸ் கார்ல மாட்ட முடியாது.

என்1ன்னா என்ன? நிஸ்மோவை விட அபூர்வமா?

எண்ணிக்கையில ஆமா, ஆர்32 என்1 வெறும் 228. 1991ல வந்தது. என்1ங்கறது ஜப்பான்ல கிட்டத்தட்ட ஸ்டாக் நிலையில ஓட்டுற ரேஸ் கிளாஸ், அதுக்குன்னு ஆர்டர் பண்ணி வாங்குற கார். எல்லாமே கிரிஸ்டல் ஒயிட். ஏசி கிடையாது, ஆடியோ கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. என்ஜின் பிளாக்கே வேற, சாதாரண ஆர்பி26 பிளாக்குல 05யூன்னு இருக்கும், என்1 பிளாக்குல 24யூன்னு இருக்கும், அது கொஞ்சம் கெட்டியான வார்ப்பு.

இதுல ஒரு வருத்தமான விஷயம், என்1 வாங்குனவங்க பெரும்பாலும் ரேஸ் ஓட்டுறவங்க. அடிபட்டுச்சு, நொறுங்குச்சு, பாடி மாத்துனாங்க. அதனால 228 செஞ்சாங்கன்னு வச்சு இன்னைக்கு 228 இருக்கும்னு நினைக்கவே முடியாது. செஞ்ச எண்ணிக்கைக்கும் மிச்சம் இருக்குற எண்ணிக்கைக்கும் இடைவெளி ரொம்பப் பெருசா இருக்குற வேரியன்ட் இது தான்னு என் கருத்து.

வி-ஸ்பெக், வி-ஸ்பெக் டூ ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஆர்32ல 1993 பிப்ரவரியில வி-ஸ்பெக் வந்துச்சு, பிரெம்போ பிரேக், 17 இன்ச் பிபிஎஸ் வீல், அட்டெசா கொஞ்சம் மாத்தி ட்யூன் பண்ணது. 1994 பிப்ரவரியில வி-ஸ்பெக் டூ, அதுல டயர் 225ல இருந்து 245 ஆச்சு, பெரிய வித்தியாசம் அது ஒண்ணு தான். வி-ஸ்பெக் 1,453, டூ 1,303.

ஆர்33, ஆர்34ல வி-ஸ்பெக்னா அர்த்தம் மாறிடும். அங்க பின் டிஃபரன்ஷியல் ஆக்டிவ் எல்எஸ்டி ஆகுது (ரெண்டு பின் சக்கரத்துக்கும் போற பவரைத் தானா பிரிச்சுக் கொடுக்கும்), அட்டெசா ஈ-டிஎஸ் ப்ரோன்னு பேர். ஆர்34 வி-ஸ்பெக்ல அடியில டிஃப்யூசர் (காருக்கு அடியில போற காத்தைச் சீராக்குற தட்டு) வேற, பின்னாடி இருக்குறது கார்பன். ஆர்34 வி-ஸ்பெக் டூன்னா (2000 ஆகஸ்ட்ல இருந்து) கார்பன் பானெட், அதுல ஒரு காத்துக் குழி இருக்கும், தூரத்துல இருந்தே தெரியும்.

ஆர்32 மொத்தம் எத்தனை? அவ்வளவு இருக்கும்போது அபூர்வம்னு எப்படி சொல்றது?

மொத்தம் 43,934. அதுல சாதாரண ஜிடி-ஆர் மட்டும் 40,390. கேக்க நிறைய தான். ஆனா இந்தக் காரை வாங்குனவன் சும்மா வச்சிருக்க மாட்டான், டர்போ மாத்துவான், எக்ஸாஸ்ட் மாத்துவான், வீல் மாத்துவான், மலைப்பாதையில ஓட்டி எங்கயாவது இடிப்பான், முப்பது வருஷத்துல நாலஞ்சு கை மாறியிருக்கும். கம்பெனியில இருந்து வந்த மாதிரியே, ஒரிஜினல் 16 இன்ச் வீலு, ஒரிஜினல் சீட்டு, ஒரிஜினல் ஏர்பாக்ஸோட ஒரு ஆர்32 பாக்குறது இப்ப கஷ்டமோ கஷ்டம். வி-ஸ்பெக் பேட்ஜ் இருந்தும் நாசமா மாத்துன காரை விட, கை படாத ஒரு சாதாரண ஆர்32க்கு நான் மதிப்பு அதிகமா கொடுப்பேன்.

ஆர்33ஐ ஏன் எல்லாரும் ஒதுக்குறாங்க?

கொஞ்சம் பெருசா, கனமா இருக்குன்னு அப்பவே சொன்னாங்க, அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. நியாயமே கிடையாது. ஜெர்மனியில இருக்குற நூர்பர்க்ரிங் டிராக்குல ஆர்32ஐ விட 21 செகண்ட் வேகமா சுத்தி வந்துச்சு, எட்டு நிமிஷத்துக்குள்ள, அதையே நிஸான் விளம்பரமா போட்டாங்க. செஞ்சது சுமார் 16,500, ஆர்32ல பாதி கூட இல்ல. 2010கள்ல விலை கம்மியா இருந்தப்போ வாங்கி வச்சவங்க இன்னைக்கு சந்தோஷமா இருப்பாங்க.

இதுல தான் ரொம்ப சுவாரசியமான அபூர்வ கார்கள் இருக்கு. எல்எம் லிமிடெட், 1996, சாம்பியன் ப்ளூங்கற ஒரே கலர், 188 கார், நிஸான் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸுக்குப் போனதுக்காக விட்டது. 1995 லெ மான்ஸ்ல ரெண்டு ஆர்33 ஓடுச்சு, கிட்டத்தட்ட என்1 நிலையில இருந்த கார் மொத்தத்துல பத்தாவதா வந்துச்சு. இன்னொரு கார் ரூலுக்காகவே நாலு சக்கர டிரைவை எடுத்துட்டு பின் சக்கர டிரைவா மாத்துனது, அதுக்கு ஹோமோலகேஷன் (ரேஸ்ல ஓட அனுமதி) வேணும்னு ஒரே ஒரு ரோடு கார் செஞ்சாங்க, அது நிஸான்கிட்டயே இருக்கு. ஒண்ணே ஒண்ணு. அபூர்வம்னா இதுக்கு மேல என்ன இருக்கு.

அப்புறம் நிஸ்மோ 400ஆர். 2,771 சிசி என்ஜின், 400 பிஎஸ், விலை 1.2 கோடி யென், சாதாரண ஆர்33 விலை 50 லட்சம் யென்னுக்கும் கம்மி. 100 கார் செய்யணும்னு திட்டம் போட்டு 40 சொச்சத்தோட நின்னு போச்சு. ஜப்பான்ல பங்கு, நில விலை பபுள் வெடிச்சு பொருளாதாரம் படுத்திருந்த நேரம், அந்த விலை கொடுக்க ஆள் இல்ல. இன்னைக்கு அதே கார் ஏலத்துக்கு வந்தா கோடீஸ்வரங்க அடிச்சுக்கிறாங்க.

என் மனசுக்கு நெருக்கமானது நிஸானோட துணைக் கம்பெனி ஆடெக் செஞ்ச நாலு கதவு ஆர்33 ஜிடி-ஆர். ஸ்கைலைனுக்கு 40 வயசு ஆனதுக்காக 1998ல விட்டாங்க, 400 சொச்சம் தான். பின்னாடி விங் கிடையாது, பாத்தா குடும்பத்தோட கோயிலுக்குப் போற கார் மாதிரி இருக்கும், உள்ள முழு ஆர்பி26. முதல் ஜிடி-ஆர் நாலு கதவுங்கறதை ஞாபகம் வச்சு செஞ்சாங்க பாருங்க, அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆர்34ல எதெல்லாம் அபூர்வம்?

மொத்தமே 11,500 சொச்சம், 1999 ஜனவரியில இருந்து 2002 ஆகஸ்ட் வரைக்கும். நிறுத்துனதுக்கு காரணம் திரும்பவும் புகை ரூல் தான், 2002 செப்டம்பர்ல இருந்து புது கட்டுப்பாடு, ஆர்பி26ஆல தாண்ட முடியல. கென்மேரிக்கு நடந்ததே முப்பது வருஷம் கழிச்சு ஆர்34க்கும் நடந்துச்சு.

போறதுக்கு முன்னாடி 2002 பிப்ரவரியில, நூர்பர்க்ரிங் பேர்ல நூர் எடிஷன் விட்டாங்க. வி-ஸ்பெக் டூ நூர் 718, எம்-ஸ்பெக் நூர் 285, கூட்டுனா 1,003. முதல்ல இன்னும் கம்மியா தான் செய்யுறதா இருந்தாங்க, ஆர்டர் கொட்டுனதால ஏத்துனாங்க. என்1 என்ஜின், தங்க நிற கேம் கவர், 300 வரைக்கும் இருக்குற ஸ்பீடோமீட்டர். ரெண்டும் ஓட்டத்துல வேற வேற குணம். எம்-ஸ்பெக்ங்கறது இன்ஜினியர் மிசுனோ கசுதோஷியோட பேர்ல வந்தது, சஸ்பென்ஷன் மெதுவா, லெதர் சீட்டு, நீண்ட தூரம் வேகமா போறதுக்குன்னு செஞ்சது. கார்பன் பானெட்டும் அதுல கிடையாது, அலுமினியம் தான்.

ஆனா எண்ணிக்கையில நூரை விட ரொம்பக் கம்மி வி-ஸ்பெக் என்1. முதல் வி-ஸ்பெக்ல 38, டூல 18. சேத்துப் பாத்தாலும் அறுபது வரல.

இசட்-ட்யூனை தயாரிப்பு கார்னு எடுத்துக்கலாமா?

இசட்-ட்யூன்ங்கறது ஆர்34ஐ வச்சு நிஸ்மோ செஞ்சது. கண்டிப்பா கம்பெனி கார் தான், ஆனா புது கார் கிடையாது. 2005ல ஆர்34 தயாரிப்பே நின்னு போயிருந்துச்சு. நிஸ்மோவே வெளியில இருந்து 30,000 கிலோமீட்டருக்குள்ள ஓடுன நல்ல கார்களை வாங்கி, முழுசா பிரிச்சு, 2.8 லிட்டர் என்ஜின் வச்சு, 500 பிஎஸ்ல திருப்பி செஞ்சாங்க. 20 வரைக்கும் செய்யுறதா திட்டம், அந்த எண்ணைத் தாண்டவே இல்ல. அதனால தயாரிப்புப் பட்டியல்ல தனி வரியா போடுறது தான் சரி, 11,500ல இதை மேல சேத்தா ஒரே காரை ரெண்டு தடவை எண்ணுன மாதிரி ஆயிடும்.

கலரை வச்சு விலை மாறுமா?

ரொம்பவே. ஆர்34ல மிட்நைட் பர்ப்பிள் டூ, மிட்நைட் பர்ப்பிள் த்ரீன்னு ரெண்டு இருக்கு, வெளிச்சம் படுற கோணத்துக்கு ஏத்த மாதிரி நிறம் மாறும். டூ 300 கார்னு அறிவிச்சு விட்டது, த்ரீ அதை விடவும் கம்மி. ஆர்33ல வந்த மிட்நைட் பர்ப்பிள் சாதாரண கலர், அதையும் இதையும் குழப்பிக்காதீங்க, பேர் ஒண்ணா இருந்தாலும் கலர் கோட் வேற. ஆர்33து எல்பி2, ஆர்34து எல்வி4, எல்எக்ஸ்0.

எல்லாத்துலயும் 280 பிஎஸ்னே போட்டிருக்கே, நிஜமா?

ஜப்பான் கம்பெனிங்க தங்களுக்குள்ள போட்டுக்கிட்ட வாய்மொழி ஒப்பந்தம் அது, எந்தக் காரும் 280க்கு மேல விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு. 2004 வரைக்கும் இருந்துச்சு. காகிதத்துல 280, டைனோல (பவர் அளக்குற மெஷின்) ஏத்துனா ஸ்டாக் காரே 300ஐத் தாண்டும். அதனால வேரியன்ட்டுக்கு வேரியன்ட் பவர் வித்தியாசத்தை பிரோஷர்ல தேடாதீங்க.

அமெரிக்காவோட 25 வருஷ ரூலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அந்த நாட்டுல விக்காத காரை 25 வயசு ஆனப்புறம் தான் சுலபமா இறக்குமதி பண்ண முடியும், அதுவும் கார் செஞ்ச மாசத்துல இருந்து எண்ணுவாங்க. ஆர்32க்கு 2014ல கதவு திறந்துச்சு, ஆர்34க்கு 2024 ஜனவரியில. நூர் எடிஷனுக்கு 2027. ஒவ்வொரு கதவு திறக்குறதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே ஜப்பான் ஏலத்துல விலை ஏற ஆரம்பிச்சிடும். நல்ல கார் எல்லாம் ஜப்பானை விட்டு வெளிய போயிட்டே இருக்கு, அங்க இருக்குற ரசிகருங்களுக்கே கிடைக்காத நிலைமை, அது எனக்கு வருத்தமா தான் இருக்கு.

போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல்ல சேஸி கோட். பிஎன்ஆர்32, பிசிஎன்ஆர்33, பிஎன்ஆர்34, இது மூணும் தான் ஜிடி-ஆர். எச்சிஆர்32, ஈசிஆர்33, ஈஆர்34ன்னு இருந்தா அது ஜிடி-ஆர் பாடி மாட்டுன சாதாரண டர்போ ஸ்கைலைன், பின் சக்கர டிரைவ். நல்ல கார் தான், ஆனா விலை வேற. ஆர்32 நிஸ்மோன்னு சொன்னா சேஸி நம்பர் 100001ல இருந்து ஆரம்பிக்கிற வரிசையில இருக்கணும், அது இல்லன்னா பேச்சை அங்கயே நிறுத்திடலாம். அடுத்து பானெட்டுக்குள்ள இருக்குற பிளேட்ல கலர் கோட், அது வெளிய தெரியுற பெயின்ட்டோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. என்1ன்னு சொன்னா பிளாக்குல 24யூ. ஆனா 24யூ பிளாக்கை நிஸ்மோ தனியாவும் வித்தாங்க, அதனால 24யூ இருந்தா மட்டும் என்1 ஆயிடாது, சேஸியும் கலரும் சேந்து சொல்லணும்.

பார்ட்ஸ் கிடைக்குமா?

நிஸ்மோ 2017 கடைசியில ஹெரிடேஜ் பார்ட்ஸ்னு ஆர்32க்கு ஆரம்பிச்சு, பின்னாடி ஆர்33க்கும் ஆர்34க்கும் சேத்தாங்க. ஹோஸு, ஒயரிங், பேனல்னு பல விஷயம் திரும்ப புதுசா கிடைக்குது. விலை கம்மின்னு சொல்ல முடியாது, ஆனா கிடைக்குதே. கென்மேரி, ஹகோசுகா வச்சிருக்குறவங்க எஸ்20 பார்ட்டுக்குப் படுற பாடு தனிக் கதை.

ஆர்32 வாங்குறதா இருந்தா எந்த வருஷம் நல்லது?

அபூர்வத்தை மறந்துட்டு ஓட்டுறதுக்குன்னு கேட்டா நான் 1993க்கு அப்புறம் செஞ்சதைத் தேடுவேன். முதல் வருஷங்கள்ல கிராங்க்ஷாஃப்ட் ஆயில் பம்பைப் பிடிச்சுத் திருப்புற இடம் குட்டையா இருந்துச்சு, ரெவ் லிமிட்டருல அடிச்சு அடிச்சு ஓட்டுனா அங்க தேஞ்சு பம்ப் உடையும், பம்ப் போனா என்ஜினே போச்சு. பின்னாடி அதை அகலமாக்குனாங்க. பழைய காரா இருந்தா அந்த இடத்துல அகலமான காலர் போடுற வேலை பண்ணியிருக்காங்களான்னு பில்லோட கேளுங்க, வாய்ல சொல்றதை எடுத்துக்காதீங்க. அதோட பின் வீல் ஆர்ச்சுக்கு உள்பக்கம், முன் ஸ்ட்ரட் டவர் மேல்பக்கம், டிக்கி தரை, இந்த மூணு இடத்துல துருவை டார்ச் அடிச்சுப் பாருங்க. என்ஜினைத் திரும்பக் கட்டிடலாம், ஆர்பி26 தெரிஞ்ச மெக்கானிக் இன்னும் நிறைய பேர் இருக்காங்க. ஸ்ட்ரட் டவர்ல துரு உள்ள இறங்கியிருந்தா மட்டும் அந்தக் காரை விட்டுட்டு அடுத்ததைப் பாருங்க.